சரிதான் அண்ணனும் அமைதி அறையும்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. தொழிற்சாலையில் அத்தனை பேருக்கும் அவர் 'சரிதான்'. வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் 'அண்ணன்' சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். யார் எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கொஞ்சம் யோசிப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்பார். மேனேஜர் ஒருவனைத் திட்டினால் அதுவும் சரிதான். திட்டு வாங்கியவன் வந்து மேனேஜரைத் திட்டினால் அதுவும் சரிதான்.

அது அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை. ஆள் உயரக் காகித உருளைகள் ஒரு முனையில் நுழையும். நடுவில் ஆவியும் பசையும் பட்டு, மறுமுனையில் வரிவரியான அட்டையாக வெளியே வரும். சரிதான் அங்கே ஸ்டோர் கீப்பர். கம்பிவலை போட்ட ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து பிளேடு, பெல்ட், பேரிங், கையுறை என்று கேட்டதை எடுத்து நீட்டுவது வேலை. வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் பொருளை வாங்கிக்கொண்டு சும்மா போக மாட்டார்கள். மனசில் இருப்பதையும் கொட்டிவிட்டுத்தான் போவார்கள். கொட்டினால் அள்ளிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறாரே!

இந்தச் சுபாவம் அவருக்குச் சும்மா வரவில்லை. அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். சித்தப்பா ஒருநாள் வேறொரு நம்பிக்கைக்குப் போனார். முதலில் வாக்குவாதம், அப்புறம் கூச்சல், கடைசியில் கொத்தனார் வந்து கூடத்துக்கு நடுவே சுவர் எழுப்பிவிட்டுப் போனார். சுவர் நேராகப் போய் ஜன்னலில் முட்டியது. ஆளுக்கு அரை ஜன்னல். அப்பா இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும், ஆனால் யாரும் என்ன என்று கேட்க மாட்டார்கள். அப்பா கண்மூடிய அன்று சித்தப்பா தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்த வீட்டில் வளர்ந்தவர், எதற்காகவும் யாரோடும் முட்டிக்கொள்வதில்லை என்று மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. அவருக்கென்று பெரிய நம்பிக்கை எதுவும் கிடையாது. இல்லை என்று சொல்லும் தைரியமும் கிடையாது.

புதிதாக வந்த மேனேஜரம்மாதான் அந்த அறையைத் திறந்தார். ஸ்டோரை ஒட்டி, காலி மை டப்பாக்கள் போட்டுவைத்த அறை ஒன்று இருந்தது. அதைக் கழுவி, வெள்ளையடித்து, தரையில் பாய் விரித்து, 'அமைதி அறை' என்று பலகை மாட்டினார். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் யார் வேண்டுமானாலும் வந்து அவரவர் வழக்கப்படி கும்பிடலாம், வேண்டிக்கொள்ளலாம். சாவி யாரிடம் இருப்பது என்ற கேள்வி வந்தபோது, தொழிற்சாலையில் யாருமே வேறு பெயர் சொல்லவில்லை.

"உங்களோட யாருக்கும் சண்டையே வந்ததில்லையாமே?" என்றார் மேனேஜரம்மா.

"சண்டை போட நேரமில்லம்மா" என்றார் சரிதான். அன்று சாயங்காலம் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

ஆரம்பத்தில் எல்லாம் சில்லறைத் தகராறுகள். ஒருவருக்குச் செருப்போடு உள்ளே வரக்கூடாது, இன்னொருவருக்குக் காலுறை கழற்றினால் நாற்றம் தாங்காது. ஒருவர் பாடுவார், மற்றவருக்குத் தியானம் கலைந்துவிடும். சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறவன் ஒரு வாசனைத் தைலத்தைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததில் அறையே தும்மியது.

"ஏம்ப்பா, சாமி தூரத்துலயா இருக்கு, இவ்வளவு வாசனை போட்டுக் கூப்பிடறியே?" என்று கேட்டார் சரிதான்.

"எனக்கு ஜலதோஷம்ண்ணே. இது சாமிக்கு இல்ல, மூக்குக்கு" என்றான் அவன்.

ஒவ்வொன்றையும் சரிதான் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று தீர்த்துவைத்தார். பாட்டு என்றால் முணுமுணுப்பாக. படம், பொருள் எது கொண்டுவந்தாலும் போகும்போது கையோடு எடுத்துப் போக வேண்டும். வண்டி ஓடியது. மேனேஜரம்மா கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லி, சகிப்புத்தன்மைக்கு எடுத்துக்காட்டு என்று பாராட்டினார். கை தட்டினார்கள்.

அப்புறம்தான் மை அக்கா வர ஆரம்பித்தாள்.

அவள் அச்சுப் பிரிவில் வேலை. பெட்டிகளின் மேல் பெயரும் படமும் அடிக்கும் இயந்திரத்தில் மை ஊற்றி ஊற்றி விரல் பத்தும் நீலம் பாரித்துக் கிடக்கும். அவளைவிட வயதானவர்களும் மை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாள் வந்து மூலையில் சுவரோடு சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். கண்ணை மூடவில்லை. கையைக் கூப்பவில்லை. அறையைப் பூட்டும்போது சரிதான் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க என்ன கும்பிடுவீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா உட்கார்றேன். உட்காரக் கூடாதா?"

"சேச்சே! யாரு சொன்னா?"

"என்னை வளர்த்த அக்கா போயிட்டா. துக்கம் கேட்க வந்தவங்க அவ எங்க போயிருக்கான்னு ஆளுக்கொரு அட்ரஸ் சொல்றாங்க. எனக்கு அப்படி ஒரு இடம் இருக்குன்னு தோணலை. அவ இல்லை, அவ்வளவுதான். மிஷின் சத்தம் இல்லாத எடத்துல கொஞ்ச நேரம் அதை நெனைச்சுக்கிட்டு உட்காரணும்."

"அதுவும் சரிதான்" என்றார் சரிதான். உண்மையிலேயே சரி என்றுதான் அவருக்குப் பட்டது.

அந்த வாரக் கடைசியில் பசைக்காரர் கம்பிவலைக்கு வெளியே வந்து நின்றார். மாவைக் காய்ச்சி அட்டைக்குப் பசை தயாரிக்கும் கூடத்தின் பொறுப்பு அவருடையது. நல்ல மனிதர் என்றால் அப்படி ஒரு நல்ல மனிதர். ஒரு காலத்தில் குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடந்தவர். நாலைந்து பேர் கூடும் ஒரு சின்ன வழிபாட்டுக் கூட்டத்தில் சேர்ந்தார், குடியை விட்டார், வீடு வீடானது. சரிதானின் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது, சொந்தக்காரர்கள் போனில் விசாரித்துக்கொண்டிருக்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் கூடவே இருந்தவர் இந்தப் பசைக்காரர்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். "எத்தனை சாமி வேணும்னாலும் அந்த அறையில இருக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா ஒண்ணுமே இல்லைன்னு சொல்றவங்க பக்கத்துல இருந்தா, எங்க வேண்டுதல் போய்ச் சேராது. எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கு."

"அவங்க ஒண்ணும் பேசறது இல்லையேங்க?"

"பேச வேணாம். உள்ள இருந்தாலே போதும்." அவர் குரலில் வெறுப்பு இல்லை, பயம் இருந்தது. "வேண்டுதல் சேரலைன்னா எனக்கு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். வாசலில் விழுந்து கிடந்த ஆளைத் தூக்கி விட்டவரே அவர்தான். தலை தன்னால் சாய்ந்தது. "அதுவும் சரிதான்."

மை அக்காவிடம் போய், இடைவேளையின் முதல் பாதியில் வர வேண்டாம், இரண்டாம் பாதியில் வந்தால் நல்லது என்றார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பிறகு, அவள் சாய்ந்து உட்கார்ந்த பாயில் உட்கார மனசு ஒப்பவில்லை என்றார் பசைக்காரர். அதற்கென்ன, அவளுக்குத் தனியாக ஓர் அட்டை போட்டுக் கொடுத்தால் போயிற்று. அட்டைக்கா அங்கே பஞ்சம்! பிறகு பேக்கிங்கில் இருந்து அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த இருவர் வரத் தொடங்கினார்கள், வேண்டுதல் நீண்டது. இரண்டாம் பாதியில் பாதி போனது. பிறகு முழுதும் போனது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான். ஒவ்வொரு தடவையும் நியாயமாகத்தான் இருந்தது.

ஒருநாள் பாய்லருக்கு ஒரு வால்வைக் கொண்டுபோனவர், அதன் பின்னால் அடுக்கிய மரப்பலகைகளின் மேல் மை அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இரண்டு காதிலும் நீல விரல்களைச் செருகிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது.

"இங்கயா உட்கார்றீங்க?"

அவள் விரலை எடுத்தாள். "என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

"பரவால்லண்ணே. பழகிடுச்சு" என்றுவிட்டு மறுபடி காதை அடைத்துக்கொண்டாள்.

சரிதானுக்கு வால்வை எங்கே வைத்தோம் என்றே நினைவில்லை. யாரும் அவளைத் துரத்தவில்லை. யாரும் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. ஆனாலும் அவள் வெளியே இருந்தாள். எந்த இடத்தில், எந்த 'சரிதானி'ல் அவள் வாசற்படியைத் தாண்டினாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். ஒன்றைத் தனியாகப் பிடித்து இதுதான் தப்பு என்று சொல்ல முடியவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு பேக்கரியில் கல்லாவில் இருப்பவள். எதையும் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவாள். துணி மடித்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"உங்களுக்குக் கை தட்டினாங்களே, அது எதுக்கு?"

"சகிப்புத்தன்மைக்கு."

"நாத்தத்தைச் சகிச்சுக்கலாம், பல்வலியைச் சகிச்சுக்கலாம். மனுசங்களை எப்படிங்க சகிச்சுக்கிறது?"

"வேற என்ன செய்யச் சொல்ற? எல்லாரையும் அனுசரிச்சுத்தானே போறேன்?"

"தெனமும் காலையில நீங்க கிளம்பும்போது வாசல்ல நின்னு நான் முணுமுணுக்கறேனே, அது என்னன்னு இத்தனை வருஷத்துல ஒரு தடவை கேட்டிருக்கீங்களா?"

"நான் தடுத்ததே இல்லையே!"

"தடுக்கலை. கேக்கவும் இல்லை. பஸ் வர்ற வரைக்கும் நிக்கிற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிப்பீங்க. அதுக்கு நீங்க அது பொய்யின்னு சண்டை போட்டிருந்தாக்கூட எனக்கு ஒரு திருப்தி இருந்திருக்கும்."

"சரி, இப்பக் கேக்கறேன். என்ன முணுமுணுக்கற?"

"இப்பக் கேட்டா சொல்லிடுவனா?" என்று மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சண்டை வேண்டாம் என்று ஒரு ஆயுசு முழுக்க ஒதுங்கி நடந்தவரிடம், ஏன் சண்டை போடவில்லை என்று கேட்கிறாள். இது என்ன கூத்து?

மறுநாள் பசைக்கூடத்துக்குப் போனார். பெரிய தொட்டியில் மாவு கொப்பளித்துக்கொண்டிருந்தது. பசைக்காரர் நீளமான மரத்துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தார்.

"நேத்துப் பூரா யோசிச்சேங்க" என்றார் சரிதான். வரும் வழியில் மனப்பாடம் செய்த வாக்கியத்தில் பாதிதான் வந்தது. "அந்த அறையில இருந்து யாரும் யாரையும் வெளிய அனுப்பக் கூடாதுங்க."

"நான் யாரை அனுப்பினேன்?" பசைக்காரர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அவங்க இருந்தா என்னால இருக்க முடியாதுன்னுதானே சொன்னேன்? அது என் நம்பிக்கை. எல்லார் நம்பிக்கைக்கும் எடம் உண்டுன்னு சொன்னது நீங்கதானே?"

"உண்டு. உங்களுக்கும் எடம் உண்டு. அவங்களும் இருப்பாங்க."

"அவங்க இருந்தா எனக்கு எடம் இல்லைன்னு அர்த்தம். புரியுதா?"

புரிந்தது. அதுதான் கஷ்டமே. தலை வழக்கம்போல ஒரு பக்கம் சாயப் பார்த்தது. கழுத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, "புரியுதுங்க. ஆனா அவங்க இருப்பாங்க" என்று மறுபடி சொன்னார். அதற்கு மேல் சொல்லக் காரணம் எதுவும் கையில் இல்லை.

பசைக்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. துடுப்பைத் தொட்டியின் விளிம்பில் தட்டி வழித்துவிட்டு, "சரிங்க" என்றார். அன்று முதல் இடைவேளையில் லாரிகள் நிற்கும் முற்றத்தில், இரண்டு லாரிகளுக்கு நடுவே வெயிலில் நின்று வேண்டிக்கொண்டார்.

ஃபோர்க்லிஃப்ட்காரன் வண்டியை ஜன்னலருகே நிறுத்தி எட்டிப் பார்த்தான். "அண்ணே, ஒருத்தரை உள்ள விடறதுக்கு ஒருத்தரை வெளிய விட்டீங்களே, இதுக்கு மேனேஜரம்மா கை தட்டுவாங்களா?"

"போடா வேலையைப் பாத்துக்கிட்டு!" என்றார் சரிதான். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அவன் கேட்டதே இல்லை. வண்டியைப் பின்னால் எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மை அக்காவாவது சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். பாய்லருக்குப் பின்னால் போய், இனிமேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்.

"அவரு எங்க போனாரு?"

"முற்றத்துல."

"வெயில்லயா?" அவள் எழுந்துவிட்டாள். "எனக்காக அவரை வெளிய அனுப்புங்கன்னு நான் உங்ககிட்ட கேட்டனா?"

"இல்லம்மா, அவரேதான்…"

"என்னை நகர்த்தினப்பவும் நீங்களே முடிவு பண்ணிட்டு வந்து சொன்னீங்க. திரும்பக் கூப்பிடறப்பவும் நீங்களே முடிவு பண்ணிட்டு வந்து சொல்றீங்க. என்னண்ணே, நான் உங்க ஸ்டோர்ல இருக்கற பேரிங்கா?"

சொல்லிவிட்டு அவள் முற்றத்துக்கு நடந்துவிட்டாள். ஸ்டோர் ஜன்னலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். லாரிக்குப் பக்கத்தில் இருவரும் பேசினார்கள். பேச்சு என்ன என்று கேட்கவில்லை. அவளுடைய நீல விரல்கள் காற்றில் எதையோ கீறிக்கொண்டிருந்தன. பசைக்காரர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அப்புறம் அவர் ஏதோ சொன்னார், அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். கைகலப்பு ஆகிவிடுமோ என்று பயந்து சரிதான் கடிகாரத்தைப் பார்த்தார். சங்கு ஊதியதும் இருவரும் அவரவர் பிரிவுக்கு ஓடினார்கள்.

மறுநாளும் அங்கே பேச்சு. அடுத்த நாளும். அவர் அவசரமாக வேண்டுதலை முடிப்பார், அவள் அதுவரை தள்ளி நிற்பாள், முடிந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள்.

"என்னதான் பேசிக்கறீங்க?" என்று சரிதான் தாங்க முடியாமல் அவளிடம் கேட்டார்.

"நான் நெனைக்கறது தப்புன்னு அவரு சொல்றாரு. அவரு நெனைக்கறது தப்புன்னு நான் சொல்றேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ்வளவுதான். நல்லாத்தான் இருக்கு. அக்கா போனதுல இருந்து என்கூட ஒழுங்கா யாரும் வாதாடவே இல்லை."

சரிதானுக்கு இது பிடிபடவில்லை. சண்டை என்றால் சுவர் எழும்ப வேண்டும் என்பதுதான் அவர் கண்ட கணக்கு. இவர்கள் தினம் சண்டை போடுகிறார்கள், அவள் டப்பாவில் இருக்கும் பழத்துண்டை எடுத்துப் பசைக்காரர் தின்கிறார். பேக்கிங்கைச் சேர்ந்த இருவர் மட்டும் தள்ளி நின்று பார்த்துவிட்டு, பசைக்காரரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அதுவும் நிலைக்கவில்லை. ஒருநாள் அவள் முற்றத்திலிருந்து தனியாக விறுவிறுவென்று வந்து நேராக இயந்திரத்துக்குப் போய்விட்டாள். அதன்பின் முற்றத்துக்கும் போகவில்லை, அறைக்கும் வரவில்லை. இரண்டு நாள் கழித்துப் பசைக்காரர் கம்பிவலைக்கு வெளியே வந்து நின்றார். பொருள் எதுவும் கேட்கவில்லை. வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவங்க அக்கா எங்க இருப்பாங்கன்னு நீங்க நெனைக்கறீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிக்கிட்டே செத்துப் போனவங்களுக்கு அங்க எடம் இல்லைன்னு. அவங்க அக்காவும் இவங்களை மாதிரிதானாம்." அவர் குரல் தாழ்ந்தது. "நான் நம்பறதைத்தான் சொன்னேன். கேட்டதுக்கு அப்புறம் பொய் சொல்லணுமா?"

முன்பென்றால் சரிதானுக்கு வாயில் பதில் தயாராக இருந்திருக்கும். இப்போது வேறொன்று வந்தது. "நெசமாவே நம்பறீங்களா? பெத்தவங்க இல்லாத தங்கச்சியைத் தூக்கி வளர்த்த ஒரு பொம்பளைக்கு அங்க ஒரு மூலைகூட கிடையாதுன்னு?"

கேட்ட பிறகுதான், இத்தனை வருஷத்தில் அவரிடம் அவருடைய நம்பிக்கையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி இது என்று உறைத்தது. அடி கொடுத்துவிட்டோமோ என்று பயந்தார். பசைக்காரர் வலையின் கண்ணில் விரலை நுழைத்து எடுத்தார்.

"சொல்லிக் கொடுத்தது அப்படித்தான்" என்றார். கொஞ்சம் கழித்து, "தெரியலைங்க" என்றார். அவ்வளவு பெரிய ஆள், சின்னதாகிப் போய்த் திரும்பி நடந்தார். அவரைத் தூக்கி நிறுத்திய ஒரே கம்பத்தை அசைத்துவிட்டோமோ என்று நினைத்துச் சரிதான் அன்று இரண்டு தடவை பசைக்கூடத்து வாசல்வரை போய்த் திரும்பினார். அசைக்காமல் விட்டிருந்தால் மட்டும் நிம்மதியாக இருந்திருக்குமா என்றால், அதுவும் இல்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. முற்றத்தில் நிற்க முடியாமல் பசைக்காரர் அறைக்குத் திரும்பினார். தனியாகத்தான் வந்தார். ஒருநாள் அவர் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது மை அக்கா வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். சரிதான் ஜன்னலை விட்டு எழுந்தே விட்டார். தடுப்பதா, விடுவதா என்று தெரியாமல் கதவருகே நின்றார். அவள் யாரிடமும் கேட்கவில்லை. மூலைக்குப் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். பசைக்காரர் கண்ணைத் திறந்தார், அவளைப் பார்த்தார். உதடு நின்றுவிட்டது. எழுந்து போய்விடுவார் என்றுதான் சரிதான் நினைத்தார். அவர் போகவில்லை. கண்ணை மறுபடி மூடினார். உதடு அசையவே இல்லை. சங்கு ஊதும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

பசைக்காரர் ஜன்னலுக்கு வந்தார். சரிதான் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"போய்ச் சேர்ந்துதா?"

"சேரலைன்னுதான் தோணுது."

"அப்புறம் ஏன் உட்கார்ந்திருந்தீங்க?"

"அதான் எனக்கும் புரியலை" என்றார் பசைக்காரர். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பசை வடிகட்டற சல்லடை கிழிஞ்சுபோச்சு. ஒண்ணு எடுத்துக் குடுங்க."

சரிதான் உள்ளே போய் அலமாரியில் தேடினார். பெரிய கண் சல்லடை இருந்தது, சின்னக் கண் சல்லடை இருந்தது. எது வேண்டும் என்று கேட்க மறந்துபோய், இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.